தொலைந்த ஓவியமும் அதைக் காத்த அச்சுத்தாளும்

1908ஆம் ஆண்டு பாரிஸில் ஜார்ஜ் ப்ராக் என்ற இளம் ஓவியர் மையால் ஒரு பெண்ணுருவத்தை வரைந்தார். கியூபிசம் என்ற பெயரே இன்னும் நிலைபெற்றிராத காலம் அது. அந்தப் படத்தின் அசல் தொலைந்துவிட்டது. ஆனாலும் கியூபிசத்தின் தொடக்க ஆண்டுகளை எழுதப் புகுகிற ஆய்வாளர்கள் அதைத் தவிர்த்துவிட்டுப் போவதில்லை. 1910 மே மாதம் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த 'ஆர்க்கிடெக்சுரல் ரெக்கார்ட்' என்ற கட்டடக்கலை இதழ் அதை அச்சிட்டிருந்ததே காரணம். கியூபிச நோக்கில் வரையப்பட்ட முதல் மனித உருவங்களுள் ஒன்று நமக்குக் கிடைப்பது ஒரு மாத இதழின் பக்கத்தில் மட்டுமே.

இச்செய்தியைக் கலை வரலாற்றின் சுவையான துணுக்காக எடுத்துக்கொண்டு கடந்துவிடலாம். தமிழ்ச் சிற்றிதழ் வாசகர்கள் அப்படிக் கடந்துவிடக் கூடாது என்பது என் கருத்து. நவீன ஓவியர்களின் மைக்கோட்டோவியங்கள் நம்மிடமும் இதழ்ப் பக்கங்களில்தான் வாழ்ந்தன. அவற்றைப் பெரும்பாலும் இட நிரப்பிகளாகவே கருதி வந்திருக்கிறோம். மேலைநாட்டு நகல் என்ற ஒற்றைச் சொல்லால் அவற்றைத் தள்ளியும் வைத்திருக்கிறோம். இந்த அலட்சியமும் இந்தத் தீர்ப்பும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. நகல் என்று முடிவுகட்டிய பொருளை யாரும் பாதுகாப்பதில்லை. பாதுகாக்காத பொருளைத் திரும்பப் பார்த்துத் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவும் வழியில்லை.

தூத்துக்குடிக்கு வடக்கே, உப்பளங்களைத் தாண்டி வருகிற தருவைகுளம் போன்ற கடற்கரை ஊரிலிருந்து பார்க்கும்போது இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இங்கிருப்பவர் நவீன ஓவியம் ஒன்றின் அசலைக் காண விரும்பினால், எழும்பூர் அருங்காட்சியகத்துக்கோ சோழமண்டலத்துக்கோ அறுநூறு கிலோமீட்டர் போக வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு நவீன ஓவியம் என்பது தபாலில் வந்த இதழின் நடுப்பக்கத்தில், கவிதைக்கும் மதிப்புரைக்கும் இடையில் இருந்த கறுப்புக் கோடுகள்தாம். எங்களுடைய காட்சிக்கூடம் அந்தத் தாள். அதற்கு நேர்வது எங்களுக்கு நேர்வதே.

*

ப்ராக்கின் படத்தை முதலில் பார்ப்போம். அதில் இருப்பவை மூன்று நிர்வாணப் பெண்ணுருவங்கள். ஆனால் அதன் தலைப்பு ஒருமையில் 'பெண்' என்றிருக்கிறது. மூவரும் ஒருத்தியே; ஒரே உடலை வெவ்வேறு பக்கங்களிலிருந்து கண்டு ஒரே தாளில் சேர்த்து நிறுத்தியிருக்கிறார். தன்னைப் பேட்டி காண வந்தவரிடம் ப்ராக் இதற்குச் சொன்ன விளக்கத்தின் சாரம் இது: ஒரு வீட்டைக் காட்டத் தரைப்படம், முகப்புத் தோற்றம், வெட்டுத் தோற்றம் என மூன்று வரைபடங்கள் தேவைப்படுவதைப் போல, ஒரு பெண்ணின் உடலை முழுமையாகக் காட்டவும் மூன்று உருவங்கள் தேவைப்படுகின்றன.

இது கலைத் தத்துவம் போலத் தோன்றினாலும் கைத்தொழில் அறிந்தவனின் பேச்சு. ப்ராக்கின் தந்தையும் பாட்டனும் கட்டடங்களுக்கு வண்ணம் பூசி அலங்கரிக்கும் தொழில் நடத்தியவர்கள். அவரும் இளமையில் அதே தொழிலைக் கற்றவர். லெ ஆவர் என்ற துறைமுக நகரில் வளர்ந்தவர். கட்டடத் தொழிலின் வரைபடங்கள் அவருக்குப் புதியவை அல்ல. 1907இன் இறுதியில் கவிஞர் அப்போலினேர் அவரைப் பிக்காஸோவின் பணிக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் கண்டது 'அவின்யோன் பெண்கள்' என்று பின்னாளில் பெயர்பெற்ற ஓவியம். அதன் அதிர்ச்சியிலிருந்து மீண்டு அவர் வரையத் தொடங்கியவையே 'பெரிய நிர்வாணம்' என்ற தைல ஓவியமும் நாம் பேசிக்கொண்டிருக்கும் மைக்கோட்டோவியமும். 1908 நவம்பரில் கான்வைலரின் காட்சிக்கூடத்தில் ப்ராக்கின் நிலக்காட்சிகளைக் கண்ட விமர்சகர் லூயி வோசெல், எல்லாவற்றையும் கனசதுரங்களாகக் குறுக்கிவிடுகிறார் என்று ஏளனமாக எழுதினார். கியூபிசம் என்ற பெயர் அந்த ஏளனத்திலிருந்து பிறந்தது.

பேட்டி கண்ட ஜெலட் பர்ஜெஸும் ஏளனக்காரர்தான். அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர். நூலின் அட்டையில் இடம்பெறும் புகழுரைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் 'பிளர்ப்' என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். அவர் தம் கட்டுரைக்கு வைத்த தலைப்பு 'பாரிஸின் காட்டு மனிதர்கள்'. சிரிப்பதற்காகவே போனவர். ஆனால் போனவர் படங்களைக் கேட்டு வாங்கினார், அச்சிட்டார், யார் வரைந்தது என்று பெயரும் போட்டார். 1916 வரை பொதுமக்கள் பார்வைக்கு வராத 'அவின்யோன் பெண்கள்' ஓவியமும் அந்தக் கட்டுரையோடு அச்சேறியது. ரசிக்காதவர் செய்த இந்தச் சிறிய ஒழுங்கால் ஒரு படம் பிழைத்தது. ரசிப்பவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்ளும் நாம் இந்த அளவுக்காவது செய்திருக்கிறோமா என்பது என் கேள்வி.

*

'புரியவில்லை' என்பது இவ்வகைப் படங்களைப் பற்றி நம்மிடையே வழங்கும் முதல் குறை. இலக்கிய வாசகர்கள் இதைச் சொல்லும்போது எனக்கு வியப்பு உண்டாகிறது. ஒரே நிகழ்ச்சியை நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்லும் நாவலை இவர்கள் படிக்கிறார்கள். அகுதாகவாவின் கதைகளிலிருந்து குரோசாவா 1950இல் எடுத்த 'ரஷோமான்' படத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறார்கள். அங்கே பார்வைகளின் பன்மை உண்மையை நெருங்கும் வழியாகத் தோன்றுகிறது. அதே பன்மை ஒரு பெண்ணின் தோளிலும் இடுப்பிலும் கோடாக வரும்போது மட்டும் கோணல் என்று தோன்றிவிடுகிறது.

தொடக்கக் கியூபிசத்தின் மனித உருவத்தில் கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உடல் வழவழப்பான வளைவுகளால் ஆகாமல், வெட்டப்பட்ட முகங்களால் ஆகியிருப்பது. மற்றது, ஒரே இடத்தில் நின்று பார்த்தால் ஒருசேரத் தெரியாத பக்கங்கள் ஒருசேரத் தெரிவது. இவ்விரண்டையும் உணரப் பாரிஸுக்குப் போக வேண்டியதில்லை.

முதலாவதற்குக் கழுகுமலை போதும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாகக் குடைந்து இறக்கிய வெட்டுவான் கோயில் முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. மேலே விமானத்து உருவங்கள் முழுமையாக மலர்ந்திருக்க, கீழே போகப்போக உளி பாதியில் நின்ற இடங்கள் வருகின்றன. பாறை உருவமாக மாறுவதற்கு முந்திய நிலை அது. சிற்பியின் கை முதலில் மூக்கையோ விரலையோ தேடுவதில்லை. பெரிய தளங்களைத்தான் தேடுகிறது. எந்தத் தளம் முன்னே நிற்கும், எது பின்னே சாயும், எங்கே நிழல் விழும் என்பதை முடிவு செய்த பிறகே மென்மை வருகிறது. 1907இலிருந்து 1909 வரை பிக்காஸோவும் ப்ராக்கும் மையால் வரைந்த உருவங்களில் காண்பது இந்த நிலைக்கு மிக நெருங்கியது. ஆப்பிரிக்க மரச்சிற்பங்களிலிருந்தும் ஐபீரியக் கற்சிற்பங்களிலிருந்தும் பிக்காஸோ பெற்றுக்கொண்டது வெறும் முகச்சாயல் அன்று. உடலைச் செதுக்கிக் காணும் முறையையே அவர் அங்கிருந்து பெற்றார்.

இரண்டாவதற்கு எங்கள் கடல் போதும். திசைகாட்டும் கருவிகள் படகுகளுக்கு வருவதற்கு முன், கடலில் ஓர் இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ள மீனவர்கள் கரையைப் பயன்படுத்தினார்கள். தேவாலயக் கோபுரமும் ஒரு பனைக்கூட்டமும் ஒரே நேர்கோட்டில் வருவது ஓர் அடையாளம். வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டு பொருள்கள் நேர்ப்படுவது மற்றோர் அடையாளம். இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பாறைப்பார் இருக்கும், மீன் இருக்கும். ஒரு பக்கத்துப் பார்வை அவர்களுக்கு இடத்தைத் தராது. குறைந்தது இரண்டு பார்வைகள் வேண்டும், இரண்டையும் மனத்தில் ஒருசேர வைத்திருக்கவும் வேண்டும். முத்துச் சிலாபம் 1961ஆம் ஆண்டோடு இந்தக் கரையில் ஓய்ந்துவிட்டாலும், அதுவரை சிப்பிப் பார்களைத் தேடிப் போனவர்களுக்கும் கடலின் மேற்பரப்பு வெறும் மேற்பரப்பாக இருந்திருக்க முடியாது.

கழுகுமலைச் சிற்பியும் தருவைகுளத்து மீனவரும் கியூபிசத்தை முன்பே அறிந்தவர்கள் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். எல்லாம் நம்மிடம் அன்றே இருந்தது என்ற பெருமிதத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. கியூபிசம் ஒரு குறிப்பிட்ட நகரில், குறிப்பிட்ட சிலரால், ஐரோப்பிய ஓவியத்தின் நானூற்றைம்பது ஆண்டுத் தொலைக்காட்சி முறைமையோடு நடத்தப்பட்ட வழக்கு. நான் சொல்வது சிறியது: அந்தப் படத்தைப் பார்க்கத் தேவையான கண் நம்மிடம் இருக்கிறது. புரியவில்லை என்பது பெரும்பாலும் பார்க்கவில்லை என்பதன் மரியாதையான வடிவம்.

*

இனி நம் இதழ்களுக்கு வருவோம். மைக்கோட்டோவியம் ஏன் சிற்றிதழோடு இவ்வளவு நெருங்கியது? இதற்கு அழகியல் காரணங்களைத் தேடுவதற்கு முன் அச்சகத்துக்குள் போக வேண்டும். ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் படம் போட வேண்டுமென்றால் 'பிளாக்' செய்ய வேண்டும். நிழலும் சாயலும் கொண்ட படத்துக்கு ஹாஃப்டோன் பிளாக். அது படத்தை நுண்புள்ளிகளாக உடைக்கும். நல்ல வழவழப்பான தாளில்தான் எடுபடும். மலிவான தாளில் புள்ளிகள் கரைந்து அப்பிக்கொள்ளும். மைக்கோட்டோவியத்துக்கு லைன் பிளாக் போதும். துத்தநாகத் தகட்டில் கோடுகள் மட்டும் மேடாக நிற்க, மற்ற இடம் அமிலத்தால் அரிக்கப்படும். அதை எழுத்துகளோடு சேர்த்து முடுக்கி, அதே மையில், அதே தாளில், ஒரே ஓட்டத்தில் அடித்துவிடலாம். கையில் காசில்லாத இதழுக்கும் கறுப்பு வெள்ளையில் சிந்திக்கும் ஓவியருக்கும் இந்தத் துத்தநாகத் தகடுதான் பாலம் போட்டது.

சென்னை ஓவியர்களுக்குக் கோடு இயல்பான மொழியாகவும் இருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய கலைப்பள்ளி, 1957இலிருந்து 1967 வரை கே.சி.எஸ். பணிக்கரின் தலைமையில் இருந்தபோது, கோட்டை வெறும் எல்லைக்கோடாகக் கருதாமல் உருவத்தின் உயிராகக் கருதும் ஒரு போக்கு அங்கே வலுப்பெற்றது. அந்தக் காலத்தில் அங்கு பயின்றவர் கே.எம். ஆதிமூலம். 1938இல் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் பிறந்து, 2008இல் மறைந்தவர். 1968இல் தொடங்கிய 'நடை', 1970இல் தொடங்கிய 'கசடதபற' ஆகிய இதழ்களின் காலத்திலிருந்து அவருடைய கோடுகள் தமிழ் எழுத்தோடு சேர்ந்தே வாசகரிடம் வந்தன.

1969இல் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த நூறு கோட்டோவியங்களை இங்கே எடுத்துக்கொள்கிறேன். நாணயத்திலும் நாள்காட்டியிலும் சுவரிலும் பார்த்துப் பார்த்துக் கண் மரத்துப்போன உருவம் காந்தி. அந்த உருவத்தை நூறு முறை வரைவதென்றால், தொண்ணூற்றொன்பது முறை அதை மறுக்க வேண்டும். சில படங்களில் காந்தி நிழலும் தசையுமாக முழுமையாக இருக்கிறார். சிலவற்றில் கோடுகள் விட்டுவிட்டுப் போகின்றன. முதுகின் ஒரு சாய்வும் கைத்தடியின் ஒரு வீச்சும் இருந்தால் போதும் என்று ஓவியர் நின்றுவிடுகிறார். மிச்சத்தை வெற்றுத்தாள் செய்கிறது. பிறகு அவர் வரைந்த அரசர்களின் வரிசையில் நடப்பது வேறு. நெருங்கிப் பின்னிய பேனாக்கோடுகளால் ஆடையும் அணியும் தலைப்பாகையும் பெருகப்பெருக, உள்ளே இருக்கும் மனிதன் சிதைந்து கொண்டே வருகிறான். அதிகாரம் கழன்ற அரசனை வெறும் கோட்டால் சொல்ல முடியும் என்று காட்டிய படங்கள் அவை.

ஆதிமூலத்தைக் கியூபிஸ்ட் என்று அழைப்பது பிழை. ஆனால் மனித உருவத்தை உடைத்துக் காட்டும் உரிமை 1908ஐ ஒட்டிய ஆண்டுகளில் வாதாடிப் பெறப்பட்டது. அந்த உரிமை இல்லாமல் அவருடைய அரசர்கள் இல்லை. அந்த உரிமையைக் கொண்டு அவர் சொன்ன செய்தி பாரிஸில் எவருக்கும் சொல்லத் தேவைப்படாத செய்தி.

எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆதிமூலம் இன்னொரு வழியாகவும் நெருக்கமானவர். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 'ஜூனியர் விகடன்' இதழில் எழுதிய 'கரிசல் காட்டுக் கடுதாசி' தொடருக்குப் படம் வரைந்தவர் அவர். சிற்றிதழில் சில நூறு பேர் பார்த்த கோடு, வாரந்தோறும் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கியது. கரிசல் மனிதர்களை அந்தக் கோடுகள் அழகுபடுத்தவில்லை, கேலியும் செய்யவில்லை. நவீன ஓவியம் மக்களுக்குப் புரியாது என்று சொல்கிறவர்கள், மக்கள் அதைப் பார்த்துப் பழகி வெகுநாளாயிற்று என்பதைக் கவனிக்கவில்லை.

*

இப்போது 'நகல்' என்ற தீர்ப்புக்கு வருகிறேன். இது நம் ஊர்த் தீர்ப்பு மட்டும் அன்று. 1922இல் ஸ்டெல்லா கிராம்ரிஷ், கல்கத்தாவிலிருந்து வந்த 'ரூபம்' இதழில், ககனேந்திரநாத் தாகூரைப் பற்றி 'ஓர் இந்தியக் கியூபிஸ்ட்' என்று தலைப்பிட்டு எழுதினார். அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனியின் பவ்ஹவுஸ் ஓவியர்களின் படைப்புகளும் இந்திய ஓவியர்களின் படைப்புகளும் கல்கத்தாவில் ஒன்றாகக் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் 1959இல் வெளியான தம் 'இந்தியாவும் நவீன ஓவியமும்' நூலில் டபிள்யூ.ஜி. ஆர்ச்சர், ககனேந்திரநாத்தின் கியூபிசத்தை உயிரற்ற போலச்செய்தல் என்னும் வகையில் ஒதுக்கித் தள்ளினார். 2007இல் பார்த்தா மித்தர் இந்த மனப்போக்கையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டார். ஐரோப்பியர் பிற பண்பாட்டிலிருந்து எடுத்தால் அது கண்டுபிடிப்பாகவும், பிறர் ஐரோப்பாவிலிருந்து எடுத்தால் அது தோற்றுப்போன பிக்காஸோவாகவும் ஆவது எப்படி என்பது அவருடைய கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. 1907இல் பாரிஸ் ட்ரோகதேரோ அருங்காட்சியகத்தில் ஆப்பிரிக்க முகமூடிகளைக் கண்டு பிக்காஸோ அடைந்த மாற்றம் ஊரறிந்தது. 1984இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், பழங்குடிச் சிற்பங்களையும் நவீன ஓவியங்களையும் அருகருகே வைத்து நடத்திய பெருங்காட்சி இந்த உறவுக்குச் சூட்டிய பெயர் 'ஒத்த இயல்பு'. கொடுத்தவன் பெயர் தெரியாதவனாக இருக்கும்போது எடுத்ததற்கு ஒத்த இயல்பு என்று பெயர். கொடுத்தவன் பிக்காஸோவாக இருக்கும்போது எடுத்ததற்கு நகல் என்று பெயர்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையிலும் இதே கதைதான். 1943இல் கொழும்பில் லயனல் வென்ட் முதலானோர் சேர்ந்து உருவாக்கிய '43 குழுவில் முதன்மையானவர் ஜார்ஜ் கெயிட். கியூபிசம் கற்றுத்தந்த உடைந்த முகத்தையும் இரட்டைப் பார்வையையும், நம் சிற்பங்களுக்கும் சுவரோவியங்களுக்கும் உரிய நீண்டு வளையும் கோட்டோடு இணைத்தவர். 'கீத கோவிந்த'த்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அதற்குக் கோட்டோவியங்களும் வரைந்தவர். அவரைப் பற்றிய எழுத்தில் பிக்காஸோவின் பெயர் வராத பக்கங்கள் குறைவு. ஒருவருடைய மூலத்தைச் சொல்வது தவறன்று. மூலத்தைச் சொன்னதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதே தவறு.

இலக்கியத்தில் நாம் இப்படி நடந்துகொள்வதில்லை. வ.வே.சு. ஐயரின் 'குளத்தங்கரை அரசமரம்' கதையில் தாகூரின் கதை ஒன்றின் சாயல் இருப்பதை விமர்சகர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதற்காகத் தமிழ்ச் சிறுகதையையே வங்காளத்து நகல் என்று யாரும் மூட்டைகட்டி வைக்கவில்லை. சிறுகதை, நாவல், புதுக்கவிதை எல்லாம் வெளியிலிருந்து வந்த வடிவங்கள்தாம். அவற்றில் வந்தது எது, ஆனது எது என்று வரிவரியாகப் பிரித்துப் பார்க்க நமக்குத் தெரியும். அந்தப் பொறுமையைப் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஓவியத்துக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

*

மறுதரப்பிலும் ஓர் உண்மை இருக்கிறது. இதழ்களில் வந்த உடைந்த உருவங்கள் அனைத்தும் நல்ல ஓவியங்கள் அல்ல. ஒரு பக்கத்து முகத்தில் இரண்டு கண்களை வைத்து, கழுத்தை நீட்டி, நவீனம் என்று ஒப்பேற்றிய படங்கள் ஏராளம். கதையைப் படிக்காமலே வரைந்த படங்களும் உண்டு. அவற்றைக் கண்டு சலித்தவர்கள் மொத்தத்தையும் வெறுத்ததில் வியப்பில்லை. ஆனால் மோசமான கவிதைகளால் கவிதை தள்ளுபடி ஆவதில்லை. நல்லதைப் பிரித்தறியும் பயிற்சிதான் வளர்கிறது.

எனக்குப் பயன்பட்ட மூன்று கேள்விகளைச் சொல்கிறேன். அந்த உருவத்தின் எடை எங்கே நிற்கிறது? உடைந்த உடலுக்கும் பாரம் உண்டு. நல்ல படத்தில் அது எந்தக் காலில், எந்த இருக்கையில் இறங்குகிறது என்று தெரியும். இரண்டாவது, எந்தப் பக்கங்கள் சேர்ந்திருக்கின்றன, சேர்ந்ததால் புதிதாக என்ன தெரிகிறது? ப்ராக்கின் மூன்று உருவங்களில் ஒன்றை மறைத்தால் நமக்குத் தெரிந்த பெண் குறைந்துபோகிறாள். போலியில் எதை மறைத்தாலும் எதுவும் குறைவதில்லை. மூன்றாவது, ஒரு கோட்டை எடுத்துவிட்டால் உருவம் சரியுமா? ஆதிமூலத்தின் சிக்கனமான காந்தி ஒன்றில் முதுகுக்கோட்டை விரலால் மறைத்துப் பாருங்கள். இந்தப் பரிசோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். தீர்ப்புச் சொல்வதற்கு முன் ஐந்து நிமிடம் கேட்பது அதிகமில்லை.

ஆனால் பரிசோதிக்கப் படம் இருக்க வேண்டும். ஓவியர்கள் பயன்படுத்திய இந்திய மை கரிப்பொடியால் ஆனது, எளிதில் வெளுக்காது. அசல்களில் எத்தனை பிளாக் செய்யப்போன இடத்திலேயே தங்கிவிட்டன, எத்தனை இதழ் அலுவலகங்கள் வீடு மாறியபோது போயின என்பதற்கு யாரிடமும் கணக்கு இருக்க முடியாது. எஞ்சியது அச்சுத்தாள். மலிவுத்தாளில் உள்ள மரக்கூழின் அமிலமே அதை உள்ளிருந்து அரித்துப் பழுப்பாக்கி நொறுக்குகிறது. எங்கள் கரையின் உப்பும் ஈரமும் கலந்த காற்றில், ராமபாணப் பூச்சியின் உதவியும் சேர, இது இன்னும் விரைவாக நடக்கிறது. மை நிற்கிறது, நிற்க இடந்தந்த தாள் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த நிலையில் பழைய இதழ்களின் தொகுப்பு நூல்கள் வரும்போது கதை வருகிறது, கவிதை வருகிறது, கட்டுரை வருகிறது. ஓவியம் பெரும்பாலும் வருவதில்லை. வந்தாலும் வரைந்தவர் பெயர் வருவதில்லை. பெயரைத் தேடிக் கண்டுபிடித்துப் போடும் வேலையை நூறாண்டுக்கு முன் ஒரு நகைச்சுவை எழுத்தாளர் தாம் மதிக்காத ஓவியர்களுக்காகச் செய்தார்.

செய்ய வேண்டியவை பெரிய வேலைகள் அல்ல. தொகுப்பாளர்கள் படங்களையும் பிரதியின் பகுதியாகக் கருத வேண்டும். ஓவியருக்கும் பொருளடக்கத்தில் ஓர் இடம் வேண்டும். இதழ்களை மின்வடிவாக்குகிறவர்கள் அட்டை முதல் அட்டை வரை முழுப்பக்கமாகப் படியெடுக்க வேண்டும். கோப்பு சிறிதாக வேண்டும் என்பதற்காகச் சாம்பல் நிறம் இல்லாத வெறும் கறுப்பு வெள்ளையாகப் படியெடுத்தால் எழுத்து பிழைக்கும். ஆனால் நெருங்கிய பேனாக்கோடுகள் ஒன்றாக அப்பிக் கறுப்புத் திட்டாகிவிடும். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகம், ஈழத்து 'நூலகம்' போன்றவை இதழ்களைக் காத்துவருகின்றன. வீட்டுப் பரணில் பழைய இதழ்களை வைத்திருப்பவர்கள், எடைக்குப் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். உங்கள் பிரதியில் மட்டும் ஒரு பக்கம் கிழியாமல் இருக்கக்கூடும்.

ஓவிய அருங்காட்சியகம் ஒன்று தூத்துக்குடிக்கு வரும் என்று நான் காத்திருக்கவில்லை. வந்தாலும், அதில் வைப்பதற்கு உரியவற்றில் ஒரு பகுதி இப்போது நம் அலமாரிகளில் பழைய சந்தா இதழ்களாக இருக்கிறது. ப்ராக்கின் பெண் ஒரே ஓர் இதழின் பக்கத்தில் நூறாண்டுக்கு மேல் நின்று, இன்றும் தன் மூன்று பக்கங்களையும் காட்டிக்கொண்டிருக்கிறாள். நம் ஓவியர்கள் வரைந்த மனிதர்களுக்கும் அந்த வாய்ப்பைத் தரலாம். அவர்கள் நகலா இல்லையா என்ற வழக்கை அதன் பிறகு நிதானமாகப் பேசிக்கொள்வோம்.